கூப்பிடு தூரத்தில் இல்லாதவள்

கடினமான நாவல்களை வாசித்தல் – 9

வேலியோரம் ஒரு மனிதன் நிற்கிறான். வேலியில் படர்ந்திருக்கும் பூக்களின் இடைவெளி வழியாக அந்தப் பக்கம் பார்க்கிறான். அங்கே சிலர் எதையோ அடிக்கிறார்கள். நட்டு வைத்திருந்த சிறு கொடியைப் பிடுங்குகிறார்கள், மறுபடி அடிக்கிறார்கள், கொடியைத் திரும்ப நட்டுவிட்டு நகர்ந்து போகிறார்கள். எதை அடிக்கிறார்கள், எதற்காக அடிக்கிறார்கள் என்பதற்கு ஒரு சொல் விளக்கம் கிடையாது. அவர்களில் ஒருவர் 'கேடீ' என்று கூப்பிடுகிறார். வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவன் முனகி அழத் தொடங்குகிறான். கூட நிற்கும் பையன், முப்பத்து மூன்று வயதில் இப்படியா அழுவது என்று அவனை அதட்டுகிறான்.

வில்லியம் ஃபாக்னரின் 'த சவுண்ட் அண்ட் த ஃப்யூரி' இப்படித்தான் தொடங்குகிறது. பாதியில் கீழே வைத்துவிட்டதாக வாசக நண்பர்கள் என்னிடம் அதிகம் சொல்லும் நாவல் இது. உண்மையில் பலர் பாதிவரைகூடப் போவதில்லை. முதல் இருபது பக்கங்களுக்குள் நின்றுவிடுகிறார்கள். அவர்கள் மொழியறிவு குறைந்தவர்கள் அல்லர். ஃபாக்னரின் முதல் பகுதியில் அகராதி தேவைப்படும் சொற்கள் மிகக் குறைவு. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள், மிகச் சிறிய வாக்கியங்கள். ஒவ்வொரு வாக்கியமும் புரிகிறது, பக்கம் மட்டும் புரியவில்லை. அந்தத் திகைப்போடு எப்படி நடந்துகொள்வது என்பதே இந்த வாரப் பேச்சு. நாவலின் நான்கு பகுதிகளில் முதல் பகுதிக்குத்தான் இந்த இதழ் முழுவதையும் ஒதுக்குகிறேன். அதைக் கடந்தவர்கள் மற்ற மூன்றையும் கடந்துவிடுவார்கள்.

நாவலின் நான்கு பகுதிகளுக்கும் தேதிகளே தலைப்பு. முதலாவது 1928 ஏப்ரல் 7. இரண்டாவது பதினெட்டு ஆண்டுகள் பின்னே போய் 1910 ஜூன் 2. மூன்றாவது 1928 ஏப்ரல் 6. நான்காவது 1928 ஏப்ரல் 8. 1928-இல் ஏப்ரல் 6 புனித வெள்ளி, 8 ஈஸ்டர் ஞாயிறு. முதல் பகுதி நடக்கும் சனிக்கிழமை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாக்னர் கற்பனையில் உருவாக்கிய யோக்னபடாஃபா வட்டம்; அதன் தலைநகரான ஜெஃபர்சன்; அங்கே ஒரு காலத்தில் நிலபுலனோடு வாழ்ந்து இப்போது நொடித்துப்போன காம்ப்சன் குடும்பம். முதல் மூன்று பகுதிகளைச் சகோதரர்கள் மூவர் ஆளுக்கொன்றாகத் தன்மையில் சொல்கிறார்கள். கடைசிப் பகுதி படர்க்கையில் வருகிறது. அந்த மூவருக்கும் ஒரே ஒரு சகோதரி. அவளுக்கென்று ஒரு பகுதி இல்லை. அவள் பெயர்தான் கேடீ.

இந்த நாவல் எந்த மனநிலையில் எழுதப்பட்டது என்பதை அறிந்துகொள்வது வாசகருக்கு உதவும். இதற்கு முன் ஃபாக்னர் எழுதிய பெரிய நாவலை லிவ்ரைட் பதிப்பகம் நிராகரித்தது. அது பிறகு குறைக்கப்பட்டு 1929 ஜனவரியில் 'சார்டோரிஸ்' என்ற பெயரில் வந்தது. அந்த நிராகரிப்பால் நொந்துபோன ஃபாக்னர், பதிப்பாளர்களுக்கும் தனக்கும் நடுவிலிருந்த கதவைச் சாத்திவிட்டதாகவும், இனி எனக்காகவே எழுதலாம் என்று நினைத்ததாகவும் பின்னாளில் சொன்னார். நாவலின் நிகழ்காலமான 1928-இலேயே அவர் அதை எழுதிக்கொண்டும் இருந்தார். ஜோனதன் கேப் – ஹாரிசன் ஸ்மித் நிறுவனம் 1929 அக்டோபர் 7 அன்று வெளியிட்டது. முதல் அச்சில் 1,789 பிரதிகள். யாருக்காகவும் வளைந்து கொடுக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்த ஒருவரின் எழுத்து இது. வாசகரைக் குழப்ப வேண்டும் என்ற விஷமம் இதில் எங்கும் கிடையாது. இந்த நம்பிக்கையோடு புத்தகத்துக்குள் போவது நல்லது. புரியாத இடத்தில், இவர் நம்மை ஏமாற்றுகிறாரோ என்ற ஐயம் வந்துவிட்டால் அடுத்த பக்கத்துக்குக் கை போகாது.

தொடங்கும் முன் செய்யக்கூடாத ஒன்று இருக்கிறது. பல பதிப்புகளில் நாவலின் இறுதியில் 'காம்ப்சன்: 1699–1945' என்று ஒரு பின்னிணைப்பைக் காணலாம். மால்கம் கௌலி 1946-இல் தொகுத்த ஃபாக்னர் தொகைநூலுக்காக நாவல் வெளிவந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பின் எழுதியது அது. அதே ஆண்டு வந்த மாடர்ன் லைப்ரரி பதிப்பில் அதை நாவலுக்கு முன்னால் வைத்து அச்சிட்டார்கள். அதனால் ஒரு தலைமுறையே இந்த நாவலை அந்தக் குடும்ப வரலாற்றைப் படித்துவிட்டு வாசிக்கத் தொடங்கியது. தனியாகப் பார்த்தால் அது அருமையான எழுத்துதான். ஆனால் நாவலோடு அது சில இடங்களில் முரண்படுகிறது. அதைவிட முக்கியமாக, யார் யாருக்கு என்ன ஆயிற்று என்பதைத் தீர்ப்பு வாசிப்பதுபோல முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. முதல் வாசிப்பில் அந்தப் பக்கங்களை ஒரு ரப்பர் பாண்ட் போட்டு மூடிவையுங்கள்.

அதற்காக ஒன்றுமே தெரியாமல் இறங்க வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். ஒரு துண்டுத்தாளில் பெயர்களை எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். இந்த வீட்டில் பெயர்களே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். பிள்ளைகள் மூத்தவரிலிருந்து இளையவர் வரை: க்வென்டின், கேடீ, ஜேசன், பெஞ்சி. அப்பாவின் பெயரும் ஜேசன்தான். பெஞ்சிக்கு முதலில் வைத்த பெயர் மௌரி, அது தாய்மாமனின் பெயர். பிள்ளைக்கு மூளை வளர்ச்சி இல்லை என்று தெரிந்த பிறகு, தன் தம்பியின் பெயர் இவனுக்கு வேண்டாம் என்று அம்மா 1900-இல் அதை பெஞ்சமின் என்று மாற்றுகிறாள். மூத்தவன் க்வென்டின் ஆண். 1928-இல் அந்த வீட்டில் வளரும் கேடீயின் மகளுக்கும் க்வென்டின் என்றே பெயர். ஆகவே ஒரு பக்கத்தில் க்வென்டினை 'அவன்' என்றும் அடுத்த பக்கத்தில் 'அவள்' என்றும் சொன்னால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம், காலம் மாறியிருக்கிறது. வீட்டு வேலைகளைப் பார்க்கும் கறுப்பினக் குடும்பத்தில் ராஸ்கஸ், அவர் மனைவி டில்சி, பிள்ளைகள் வெர்ஷ், டி.பி., ஃப்ரோனி, பேரன் லஸ்டர். தாளில் இவ்வளவு இருந்தால் போதும்.

இனி பெஞ்சி. முதல் பகுதியைச் சொல்பவன் அவன். 'சொல்பவன்' என்பதே பொருந்தாது, ஏனென்றால் அவனால் பேச முடியாது. அழுவான், முனகுவான், பெருங்குரலில் கதறுவான், அவ்வளவுதான். நாம் வாசிப்பது அவன் கண்ணிலும் காதிலும் மூக்கிலும் தோலிலும் பதிந்தவற்றை. அவனிடம் காரணகாரியத் தொடர்பு இல்லை. வேலிக்கு அப்பால் இருப்பது கோல்ஃப் மைதானம். ஆடுபவர் கூப்பிட்டது மட்டைகளைச் சுமக்கும் உதவியாளனான கேடியை, பெஞ்சியின் காதில் விழுந்தது அக்காவின் பெயர். பந்து என்ற பொருளையும் மட்டை என்ற பொருளையும் ஆட்டம் என்ற எண்ணத்தையும் இணைத்துப் பார்க்க அவனுக்குத் தெரியாது. அடிக்கிறார்கள், அவ்வளவு தெரியும். அவன் சொல்வதை அப்படியே ஒரு காட்சியாக மனதில் ஓட்டுங்கள். பிறகு, இதை வெளியிலிருந்து ஒருவர் பார்த்திருந்தால் என்னவென்று சொல்லியிருப்பார் என்று கேளுங்கள். இந்த இரண்டு படிகளையும் சில பக்கங்கள் பழகினால் போதும், அதன்பின் தானாக வந்துவிடும்.

ஓர் இடம் சொல்கிறேன். கேடீயின் கல்யாண நாளில் டி.பி.யும் பெஞ்சியும் நிலவறைக்குள் விருந்துக்கென்று வைத்திருந்த ஷாம்பெயினைக் குடித்துவிடுகிறார்கள். போதை என்ற சொல்லே அங்கே வராது. தரை மேல்நோக்கிச் சரிந்துகொண்டே போகிறது, மாடுகள் மேட்டில் ஏறி ஓடுகின்றன, இவனால் நிற்க முடியவில்லை. தரைதான் சரிகிறது என்கிறான், தான் விழுவதாக அவனுக்குத் தோன்றவில்லை. முதன்முறை வாசிக்கையில் இந்த இடம் பிதற்றலாகப்படும். போதையில் விழுந்தவனுக்கு உலகம் எப்படித் தெரியுமோ அதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறார் என்று பிடிபட்டதும், இந்த முறையின் துல்லியம் வியக்க வைக்கும்.

இன்னொரு சிறு குறிப்பும் உதவும். பெஞ்சியின் பகுதியில் யார் கேள்வி கேட்டாலும் கேள்விக்குறி இராது, முற்றுப்புள்ளிதான். கத்தினாலும் கெஞ்சினாலும் 'சொன்னான்', 'சொன்னாள்' என்ற வினைதான். குரலின் ஏற்ற இறக்கத்துக்குப் பொருள் உண்டு என்பது அவனுக்கு எட்டாதபடியால் பக்கத்திலும் அது இல்லை. ஆகவே உரையாடல்களை வாய்விட்டு வாசியுங்கள். ஃபாக்னர் எடுத்துவிட்ட ஏற்ற இறக்கத்தை உங்கள் குரல் திருப்பிக் கொடுத்துவிடும். யார் கோபத்தில் இருக்கிறார்கள், யார் பயந்திருக்கிறார்கள் என்பது காதுக்குப் புரியும். கறுப்பினத்தாரின் பேச்சைப் பேச்சொலிப்படியே எழுத்துக்கூட்டியிருக்கிறார். கண்ணுக்குக் கரடுமுரடாகத் தெரிவது காதுக்குத் தடையில்லாமல் நுழையும். அந்தக் காலத்துத் தென்மாநில வெள்ளையர் நாவில் சாதாரணமாகப் புழங்கிய இழிசொற்களும் நிறைய வரும். அவற்றின் கொடுமையை உணர்ந்தபடியேதான் வாசிக்க வேண்டும். பழகிப்போய்விடக்கூடாது.

இந்தப் பேச்சுகளில்தான் தகவல் முழுவதும் இருக்கிறது. பெஞ்சி எதையும் விளக்கமாட்டான், அவனைச் சுற்றியிருப்பவர்கள் விளக்குவார்கள். அவனுக்கு ஒன்றும் புரியாது என்ற எண்ணத்தில் அவன் முன்னாலேயே எல்லாவற்றையும் பேசுவார்கள். அவனுக்கு 33 வயது என்பதும், இன்று அவன் பிறந்தநாள் என்பதும், கேக் வாங்கியாகிவிட்டது என்பதும் லஸ்டர் வாயிலிருந்து வருகின்றன. இரவு நடக்கவிருக்கும் காட்சிக்குப் போக வைத்திருந்த கால் டாலர் நாணயத்தை லஸ்டர் தொலைத்துவிட்டு, அந்தப் பகுதி முழுவதும் புல்வெளியிலும் ஓடைக்கரையிலும் தேடிக்கொண்டே இருக்கிறான். 1928-இன் அந்த நாளை இந்தத் தேடல்தான் கோத்து நிறுத்துகிறது. காசு பற்றிய பேச்சு வந்தால் நிகழ்காலத்துக்குத் திரும்பிவிட்டோம் என்று பொருள்.

வாசகர்களைத் திணறவைக்கும் காலத் தாவல்களுக்கு வருவோம். எழுபது பக்கங்களை ஒட்டிய இந்தப் பகுதியில் ஏறத்தாழ நூறு முறை காலம் மாறுகிறது. 1898-க்கும் 1928-க்கும் நடுவே முப்பது ஆண்டுகள், எந்த அறிவிப்பும் இல்லாமல். பெஞ்சிக்கு 'அன்று', 'இன்று' என்ற பிரிவினை கிடையாது. அவனுக்கு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. ஒரு தொடுதலோ ஒரு மணமோ நேர்ந்தால், அதே தொடுதல் முன்பு நேர்ந்த இடத்தில் அவன் அப்படியே இருக்கிறான். முதல் தாவலைப் பாருங்கள், அதில் முழு முறையும் அடங்கியிருக்கிறது. வேலிச் சந்தில் நுழையும்போது பெஞ்சியின் உடை ஆணியில் மாட்டிக்கொள்கிறது. ஒரு தடவையாவது மாட்டிக்கொள்ளாமல் வரமாட்டாயா என்று லஸ்டர் கடிந்துகொள்கிறான். அடுத்த வரி சாய்வெழுத்தில் தொடங்குகிறது: கேடீ அந்த ஆணியிலிருந்து அவனை விடுவிக்கிறாள், இருவரும் குனிந்து நகர்கிறார்கள். இப்போது குளிர்காலம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்கள். கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள், உறைந்துவிடும் என்கிறாள். ஏப்ரல் வெயிலிலிருந்து ஓர் ஆணியைப் பிடித்துக்கொண்டு இருபது ஆண்டுகள் பின்னே வந்துவிட்டோம்.

ஆகவே காலம் மாறியது தெரிந்தவுடன், எந்த ஆண்டு என்று தேடுவதற்கு முன்னால், எதைத் தொட்டு மாறியது என்று பாருங்கள். ஆணி, வாயிற்கதவு, தண்ணீர், நெருப்பு, ஒரு பெயர், கட்டிலில் படுக்க வைப்பது என்று ஏதோ ஒன்று இருக்கும். அது கிடைத்துவிட்டால் தாவல் இடறாது.

சாய்வெழுத்தைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் உண்டு. சாய்வெழுத்து என்றால் பழைய காலம், நேரெழுத்து என்றால் இன்று என்று பலர் வைத்துக்கொள்கிறார்கள். அப்படி வாசித்தால் மூன்றாவது பக்கத்திலேயே கணக்கு தவறும். பெரும்பாலான இடங்களில் காலம் மாறும் அந்த மூட்டை மட்டுமே ஃபாக்னர் சாய்வெழுத்தால் குறிக்கிறார். சில வரிகளில் எழுத்து நேராகிவிடும், காலம் மட்டும் பழையதாகவே தொடரும். திரும்பி வரும்போதும் சாய்வெழுத்து வரலாம். சில தாவல்களுக்கு எந்த அடையாளமும் இல்லை. அச்சுப்படியைத் திருத்திய பென் வாசன், நல்லெண்ணத்தோடுதான், சாய்வெழுத்துகளை நீக்கிவிட்டு வரிகளுக்கு நடுவே வெற்றிடம் விட்டார். ஃபாக்னர் அதை ஏற்கவில்லை. வெற்றிடம் விட்டால் இரண்டு காலங்கள் இரண்டாகவே நின்றுவிடும், பெஞ்சிக்குள் அவை ஒன்றாகக் கலந்திருப்பது போய்விடும் என்று வாதாடிச் சாய்வெழுத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். வெவ்வேறு நிற மைகளில் அச்சிடும் அளவுக்குப் பதிப்புத் தொழில் வளர்ந்திருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசையையும் அப்போது தெரிவித்தார். லண்டனின் ஃபோலியோ சொசைட்டி 2012-இல் அந்த ஆசையை நிறைவேற்றியது: 14 நிறங்கள், 1,480 பிரதிகள். அறிஞர்கள் ஸ்டீபன் ராஸும் நோயல் போல்க்கும் காலங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். நிற மை ஃபாக்னரே விரும்பியதுதான். இருந்தாலும் முதல் வாசிப்புக்குக் கறுப்பு மையையே பரிந்துரைப்பேன். அடுத்த வரி எந்தக் காலம் என்று முன்பே நிறம் சொல்லிவிட்டால், ஆணியில் மாட்டிக்கொண்டு நழுவும் அந்த அனுபவம் நமக்கு நேராது.

நிறம் இல்லாமலே காலத்தை அறிய நாவலுக்குள் உறுதியான வழி ஒன்று உண்டு. பெஞ்சியைப் பார்த்துக்கொள்வது யார் என்று பாருங்கள். வெர்ஷ் இருந்தால் அவன் சிறு பிள்ளை: 1898-லிருந்து சுமார் பத்து ஆண்டுகள். டி.பி. இருந்தால் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகள்: கேடீயின் கல்யாணம், அப்பாவின் மரணம். லஸ்டர் இருந்தால் 1928. அவனுக்குச் சட்டை பொத்தான் போடுபவர், சோறு ஊட்டுபவர், வாயை மூடு என்று அதட்டுபவர் இந்த மூவரில் ஒருவராகத்தான் இருப்பார். இரண்டாம் வாசிப்பில் பென்சிலை எடுத்துப் பக்க ஓரத்தில் வெ, டி, ல என்று குறித்துக்கொண்டே போங்கள். எழுபது பக்கமும் மூன்று அடுக்காகப் பிரிந்துவிடும். காம்ப்சன் குடும்பத்தின் கடந்த காலத்துக்கு அந்த வீட்டில் வேலை செய்யும் கறுப்பினப் பிள்ளைகள்தான் நாட்காட்டி என்பது ஏதோ உத்தி என்று எனக்குத் தோன்றவில்லை. பெற்ற தாய் தலைவலி என்று கட்டிலில் படுத்துக்கிடக்க, இந்தப் பிள்ளையை முப்பது ஆண்டுகள் தூக்கிச் சுமந்தவர்கள் அவர்கள். ஆனால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நான்காம் பகுதி டில்சியைச் சுற்றி நடந்தாலும் அவள் தன்மையில் பேசுவதில்லை. தன்னை வளர்த்த கரோலின் பார் என்ற பெண்மணியை மனதில் வைத்து ஃபாக்னர் படைத்த பாத்திரம் அவள். அந்த அன்பு உண்மை. இருந்தும் மூன்று வெள்ளைச் சகோதரர்களின் உள்ளத்துக்குள் புகுந்தவர், டில்சியை வெளியிலிருந்துதான் பார்க்கிறார்.

கேடீயையும் அப்படித்தான். இந்த நாவல் பிறந்த கதையை ஃபாக்னர் பலமுறை சொல்லியிருக்கிறார். பாட்டி இறந்த அன்று பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொல்லாமல் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு சிறுமி பேரிக்காய் மரத்தில் ஏறி ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறாள். கீழே நிற்கும் தம்பிகளுக்கும் அண்ணனுக்கும் தெரிவது சேறு படிந்த அவள் உள்ளாடை மட்டும். இந்த ஒரு காட்சிதான் முதலில் அவருக்குத் தோன்றியது. மற்றதெல்லாம் அதை விளக்கப் போய் வளர்ந்தது. அவள் மேலே ஏறிச் சாவைப் பார்க்கிறாள். பையன்கள் அவளைப் பார்க்கிறார்கள். நாவல் கடைசிவரை இந்த நிலையை விட்டு நகர்வதில்லை. பெஞ்சியின் பகுதியில் 1898-இன் அந்த இரவு துண்டுதுண்டாக மீண்டும் மீண்டும் வரும். வேறு எதைத் தவறவிட்டாலும் அதை விடாதீர்கள். ஓடையில் விளையாடி உடை நனைவது, சேற்றில் உட்கார்வது, சாப்பிட உட்காரும்போது இன்று எல்லோரும் என் பேச்சைக் கேட்க வேண்டும் என்று ஏழு வயதுக் கேடீ அதிகாரம் செய்வது, மரம், ஜன்னல் என அந்த ஒரு இரவை வரிசையாகக் கோத்துவிட்டால் மற்ற காலங்கள் அதைச் சுற்றி அமரும்.

கேடீ அருகில் இருக்கிறாளா விலகுகிறாளா என்பதை அளக்க பெஞ்சிக்கு இருப்பது மூக்கு. அவளிடம் மரங்களின் வாசம் வீசும்போது அவன் அமைதியாக இருப்பான். ஒரு நாள் அவள் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வருகிறாள், அவன் அழுகிறான். காரணம் புரிந்ததும் அதைக் கழுவிவிட்டு வந்து, அந்தக் குப்பியையே டில்சிக்குக் கொடுத்துவிடுகிறாள். பிறகொரு நாள் கழுவினாலும் போகாத ஒன்று நேர்ந்துவிடுகிறது. என்ன நேர்ந்தது என்று பெஞ்சிக்குத் தெரியாது. அவளைக் குளியலறைப் பக்கம் தள்ளிக்கொண்டே அழுகிறான். மர வாசம் என்ற அந்தச் சொற்றொடர் வரும் இடத்தையும், வந்திருக்க வேண்டிய இடத்தில் வராமல் போவதையும் கவனியுங்கள். கேடீயின் வாழ்க்கை முழுவதும் அதில் இருக்கிறது.

கடினமான நடை என்ன செய்ய வல்லது என்று என்னிடம் யாராவது கேட்டால், வாயிற்கதவுப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுவேன். பள்ளிவிட்டு வரும் கேடீக்காகக் கதவருகே காத்து நிற்பது பெஞ்சியின் வழக்கம். அவள் கல்யாணமாகிப் போன பிறகும் தினமும் அங்கேயே நிற்கிறான். பள்ளிச் சிறுமிகள் சாலையில் போகிறார்கள். ஒரு நாள் கதவு தாழிடப்படாமல் இருக்கிறது. வெளியே வருகிறான், ஒரு சிறுமியைப் பிடிக்கிறான், எதையோ சொல்ல முயல்கிறான். சொல்லத்தான் முயல்கிறான். அவள் அலறுகிறாள். அந்த வாக்கியம் முடிவதற்குள் மூச்சு அடைக்கிறது, பிரகாசமான உருவங்கள் சுழல்கின்றன, மேட்டிலிருந்து விழுகிறான். முதல் வாசிப்பில் இது என்னவென்றே தெரியாமல் கடந்துவிடுவோம். அது அறுவைச் சிகிச்சைக்காக முகத்தில் வைத்த மயக்கமருந்து. பெண்பிள்ளைமேல் பாய்ந்தான் என்று ஊர் முடிவு செய்ய, அவனுக்கு விதையடித்துவிடுகிறார்கள். குற்றம் என்று சொல்லப்பட்டதும் தண்டனையும் ஒரே மூச்சில் நடந்துவிடுகின்றன. நடுவில் விசாரணை இல்லை, விளக்கம் இல்லை. ஊருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும்: அவன் பேசத்தான் போனான். நாம் அவனுக்குள் இருந்தோம். தெளிவான நடையில், வெளியே நிற்கும் ஒருவர் சொல்லியிருந்தால் நாமும் ஊரோடு சேர்ந்து நின்றிருக்கக்கூடும்.

இதனால்தான், எளிமையான பகுதியிலிருந்து தொடங்குங்கள் என்று சிலர் கொடுக்கும் யோசனையை நான் ஏற்பதில்லை. மூன்றாம் பகுதியும் நான்காம் பகுதியும் வழக்கமான நாவல்போல வாசிக்கக்கூடியவை. அவற்றை முதலில் முடித்துவிட்டு பெஞ்சியிடம் வந்தால் எல்லாம் விளங்கும் என்பார்கள். விளங்கும், உண்மை. ஆனால் மூன்றாம் பகுதியைச் சொல்பவன் ஜேசன். வேகமான, கூர்மையான, கசப்பான பேச்சுக்காரன். கேடீ அவனுக்குக் குடும்ப மானத்தைக் கெடுத்தவள். பெஞ்சி, பைத்தியக்கார விடுதிக்கு அனுப்ப வேண்டிய பாரம். அவன் சொல்லி நாம் முதன்முதலாகக் கேடீயைச் சந்தித்தால், அவன் வைத்த பெயர்களை அழிக்க பெஞ்சியால் முடியாது. இப்போதுள்ள வரிசையில், ஜேசன் வாய் திறக்கும்போது நமக்கு அவளை முன்பே தெரியும். குளிரில் தம்பியின் கையைச் சட்டைப்பைக்குள் வைக்கச் சொன்னவள், அவனுக்காக வாசனைக் குப்பியைக் கொடுத்துவிட்டவள். ஜேசன் சொல்லும் ஒவ்வொன்றையும் அந்த அறிவோடுதான் கேட்போம். ஃபாக்னர் வரிசையை மாற்ற வேண்டாம்.

வாசிக்கும் வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெஞ்சியின் பகுதியைத் தினம் நான்கு பக்கம் என்று சிறுகச் சிறுக வாசிப்பது உதவாது. ஆணியும் கதவும் நெருப்பும் திரும்பத் திரும்ப வருவதை மனம் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் இடைவெளி விட்டால் பிடி போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, ஒரே அமர்வில், அதிகம் போனால் இரண்டில், நிற்காமல் கடந்துவிடுங்கள். புரியாத வரிக்காகப் பின்னால் திரும்ப வேண்டாம். பத்துப் பக்கம் கழித்து அது வேறு வடிவில் திரும்பி வரும். உரைக் குறிப்புகளும் கால அட்டவணைகளும் நிறைய இருக்கின்றன, நல்லவையும் உண்டு. அவற்றை முதல் பகுதியைத் தனியாக ஒரு முறை முடித்த பின் திறக்கலாம். இரண்டு மூன்று முறை வாசித்தும் புரியவில்லை என்பவர்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று 1956-இல் 'பாரிஸ் ரிவ்யூ' பேட்டியில் ஜீன் ஸ்டைன் கேட்டபோது, நான்காவது முறையும் வாசிக்கலாம் என்றார் ஃபாக்னர். இதே கதையை நான்கு பேர் வழியாக நான்கு முறை சொல்லிப் பார்த்தும் தனக்கு நிறைவு வரவில்லை என்று சொன்னவரும் அவரே. நான்கு முறை எழுதிப் பார்த்தவர் நான்கு முறை வாசிக்கச் சொல்வதில் எனக்கு நியாயம் தெரிகிறது.

அடுத்த இதழில் க்வென்டின்: 1910 ஜூன் 2, ஹார்வர்டு மாணவர் விடுதி, காலை வெளிச்சம், அப்பா கொடுத்த பாக்கெட் கடிகாரம். பெஞ்சிக்குக் காலமே இல்லை. இவனுக்குக் காலத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. வாக்கியங்கள் நீளும், நிறுத்தற்குறிகள் உதிரும், அங்கே வேறு விதமாக வாசிக்க வேண்டியிருக்கும். அதற்குள் முதல் பகுதியை ஒரு முறை நிற்காமலும், மறுமுறை கையில் பென்சிலோடும் முடித்துவிடுங்கள். வேலிக்கு அப்பால் இருக்கும் அந்த மைதானம் முன்பு யாருடையது, எதற்காக விற்றார்கள் என்பதற்கான குறிப்பு முதல் பகுதியில் கிடைக்கிறதா என்று பாருங்கள். க்வென்டின் ஹார்வர்டில் என்ன விலையில் உட்கார்ந்திருக்கிறான் என்பதை அங்கிருந்துதான் தொடங்கப்போகிறோம்.